சோளக்குருவிக் கூட்டம் ஏன் சிதறுவதில்லை?

தை மாதத்தில் பாலாற்றில் சீமைக்கருவேலம் மண்டிய இடமாகப் பார்த்து, மாலை ஐந்தரைக்கே போய் நின்றுவிட வேண்டும். வேலூர் பக்கம் 6 மணியை ஒட்டிப் பொழுது சாய்ந்துவிடும். சோளக்குருவிகள் அடைய வரும் மரங்களாக இருந்தால், முதலில் பத்து இருபது வந்து வட்டமிடும். பிறகு திசைக்கொரு கூட்டமாக வந்து சேர்ந்து, ஒரே கரும்போர்வையாக உருளும், நீளும், முறுக்கிக்கொள்ளும்.

மைனா குடும்பத்துப் பறவை இது. உடம்பு இளஞ்சிவப்பு, தலையும் இறக்கையும் கருப்பு. மத்திய ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது. சோளக் கதிரில் விழுவதால் விவசாயிக்குக் கோபம்தான். ஆனால் வெட்டுக்கிளியையும் இதுவே தின்கிறது.

இவ்வளவு பறவைகள் மோதாமல் திரும்புவது எப்படி? எண்ணம் ஒரு பறவையிலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் பாய்கிறது என்று 1930களில் எட்மண்ட் செலூஸ் என்ற ஆங்கிலேயர் கருதினார். 1980களில் கிரெய்க் ரெனால்ட்ஸ் கணினித் திரையில் மூன்றே விதிகளை வைத்துக் கூட்டம் பறக்கவிட்டார்: பக்கத்துப் பறவையை இடிக்காதே, அது போகும் திசையில் போ, கூட்டத்தை விட்டு விலகாதே. மூன்றாவதை எடுத்துவிட்டால் கூட்டம் கலைந்துவிடும். இரண்டாவதை எடுத்தால் விளக்கைச் சுற்றும் ஈசல்தான்.

உண்மையான பறவைகளை அளந்தவர்கள் ரோம் நகரத்து இயற்பியலாளர்கள். பின்னாளில் 2021ல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜியோ பரிசியும் அதில் இருந்தார். அவர்கள் பார்த்தது சோளக்குருவியின் ஐரோப்பிய உறவினரை. ஒரு படத்தில் கூட்டம் தட்டையாகிவிடும். எது முன்னே, எது பின்னே என்று தெரியாது. அதனால் ரயில் நிலையத்துக்கு எதிர்க் கட்டட மாடியில் கேமராக்களை 25 மீட்டர் இடைவெளியில் வைத்து, ஒரே நொடியில் சொடுக்கினார்கள். நம் இரண்டு கண்ணும் தூரம் கணிக்கும் அதே வித்தைதான். இந்தப் படத்துப் புள்ளி அந்தப் படத்தில் எந்தப் புள்ளி என்று பொருத்துவதுதான் பெரும்பாடு.

2008ல் வந்த விடை அழகானது. ஒவ்வொரு பறவையும் கவனிப்பது தன்னைச் சுற்றியுள்ள ஆறேழு பறவைகளை மட்டும். அவை எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் சரி. கணக்கு எண்ணிக்கையில், மீட்டரில் இல்லை. இதில்தான் சூட்சுமம். இரண்டு மீட்டருக்குள் இருப்பவரை மட்டும் பார் என்று விதி இருந்தால், வல்லூறு பாய்ந்து கூட்டம் விரிந்த கணமே பல பறவைகளுக்குப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். தனித்துப்போன பறவைதான் வல்லூறுக்கு இரை. ஏழு பேர் என்று வைத்தால், நெருங்கினாலும் விரிந்தாலும் கட்டு அறுவதில்லை.

திரும்பும் விதமும் கவனிக்கத்தக்கது. தேர் மாட வீதி முனையில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். பறவைக் கூட்டம் அப்படித் திரும்புவதில்லை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய அதே வேகத்தில் அதே அளவு வளைவைப் போடும்; யாரும் விரைய வேண்டியதில்லை. கூட்டம் இடப்பக்கம் திரும்பினால் இடது ஓரத்தில் இருந்தது முன்வரிசைக்கு வந்துவிடும், முன்னே இருந்தது வலது ஓரத்துக்குப் போய்விடும். நிரந்தரத் தலைவன் இதில் இருக்க வழியே இல்லை. திரும்பும் செய்தி மட்டும் நொடிக்கு 20 முதல் 40 மீட்டர் வேகத்தில், வலு குறையாமல் ஓடுகிறது.

கூட்டம் பந்து மாதிரி இல்லை, தோசை மாதிரி. பக்கவாட்டில் கோடாகத் தெரிவது தலைக்கு மேல் வந்ததும் பாயாக விரியும். நடுவைவிட ஓரத்தில்தான் நெரிசல் அதிகம். வல்லூறு நெருங்கும்போது கூட்டத்தின் குறுக்கே ஒரு கரும்பட்டை அலைபோல ஓடும். பறவைகள் வரிசையாக உடலைச் சாய்க்கும்போது இறக்கையின் முழு அகலமும் நமக்குத் தெரிவதால் வருவது அது.

பார்க்கப் போகிறவர்கள் மேற்கே வெளிச்சமான வானம் இருக்கும்படி நிற்கவும். மரத்தடிக்குப் போக வேண்டாம்; ஆள் இருந்தால் கூட்டம் இறங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், இருட்டியபின் வேறு மரம் தேடும். வீடியோ எடுத்து மெதுவாக ஓடவிட்டு, ஓரத்துப் பறவை ஒன்றை மட்டும் கண்ணால் தொடருங்கள். இரண்டு திருப்பத்துக்குள் அது எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கலாம். எல்லாம் இறங்கிய பிறகும் முள்மரத்துக்குள்ளிருந்து கசமுசவென்று சத்தம் வந்துகொண்டே இருக்கும்.