ரயிலில் உட்கார்ந்ததும் வரும் இழுப்பு

மார்கழி பிறந்துவிட்டால் வேலூரில் என்னிடம் ஒரே குறையோடு வருகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். காட்பாடியிலிருந்து சென்னைக்கு சீசன் டிக்கெட்டில் தினமும் போய்வருகிறவர்கள். "ஸ்டேஷன் வரைக்கும் நன்றாகத்தான் இருக்கிறேன் டாக்டர். ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் மூச்சு இழுப்பு வருகிறது. ஜன்னல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை" என்பார்கள்.

அப்படி வந்த ஒருவரிடம், வீட்டுப்படி இறங்கியதிலிருந்து நடந்ததையெல்லாம் சொல்லச் சொன்னேன். விடியும் முன்பே சத்துவாச்சாரியிலிருந்து பைக்கில் கிளம்புகிறார். பாலாற்றுப் பாலத்தில் பனி முகத்தில் அறைகிறது. வண்டியை நிறுத்தும்போதே ரயில் அறிவிப்பு கேட்கிறது. நடைமேம்பாலப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி, கடைசி நிமிடத்தில் பெட்டியில் ஏறுகிறார். திருவலம் தாண்டுவதற்குள் நெஞ்சு அடைக்கிறது.

அந்த ஓட்டம்தான் காரணம். மூக்கு வழியாகப் போகும் காற்று சூடேறி, ஈரம் பெற்று நுரையீரலை அடைகிறது. ஓடும்போது வாயால் மூச்சு வாங்குகிறோம். குளிர்காற்று அப்படியே உள்ளே இறங்குகிறது. பனிமூட்டமே ஆனாலும் குளிர்ந்த காற்றில் நீராவி குறைவு. மூச்சுக்குழாயின் உட்புறம் உலர்கிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. ஓட்டம் நின்று 5 முதல் 10 நிமிடத்துக்குள் இறுக்கம் உச்சத்தைத் தொடும். அப்போது ரயிலில் இருப்பதால் பழி ரயிலின் மேல் விழுகிறது. உறைபனி நாடுகளின் நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீரர்களிடம் ஆஸ்துமா மிகுதியாகக் காணப்படுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

நம்மவர்கள் மஃப்ளரைக் காதோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு மூக்கையும் வாயையும் திறந்தே விடுகிறார்கள். இழுப்புக்குக் காது வழியல்ல. துணி மூக்கையும் வாயையும் மூடட்டும். வெளிவிடும் மூச்சின் சூடும் ஈரமும் அதில் தங்கி, உள்ளே போகும் காற்றைப் பதப்படுத்தும். பனிமூட்டத்தில் பிளாட்பாரத்தில் நிற்கும்போது, ரயில் வரும் சத்தம் கேட்க, காது திறந்திருப்பதும் நல்லதுதான்.

கால்மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். இழுப்பை உடனே தணிக்கும் நீல நிற இன்ஹேலரை டாக்டர் கொடுத்திருந்தால், அவர் சொன்ன அளவில், நடைக்கு 10, 15 நிமிடம் முன்பு எடுங்கள். அதைப் பையின் அடியில் போட்டுப் பையை மேல்தட்டில் ஏற்றிவிடாதீர்கள். நெரிசலில் எட்டாது, சட்டைப்பையில் இருக்கட்டும். இப்படி முன்கூட்டி எடுப்பது போக, வந்த இழுப்பைத் தணிக்க வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் அது தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று பொருள். தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர் வேண்டியிருக்கும். 'பழகிவிடும்' என்று பயந்து அதை நிறுத்தியவர்களைத்தான் நள்ளிரவில் ஆக்சிஜனோடு பார்க்கிறேன்.

நாற்பதைக் கடந்தவர், சர்க்கரை நோயாளி, புகைபிடிப்பவர் என்றால் படியேறும்போது வரும் நெஞ்சடைப்பை இழுப்பென்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். இதயமாகவும் இருக்கலாம், ஈசிஜி எடுத்துப் பாருங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் உடனே டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரை ரயில்வே உதவி எண் 139க்கு அழைக்கச் சொல்லுங்கள். வயல்வெளியில் சங்கிலியை இழுத்து நிறுத்துவதைவிட அடுத்த ஸ்டேஷனை எட்டுவதே உதவிக்கு வழி.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது இன்ஹேலரையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள். மருந்தை உள்ளிழுத்து 10 விநாடி மூச்சை நிறுத்த வேண்டும்; என்னிடம் வருகிறவர்களில் பலர் இரண்டு விநாடியிலேயே விட்டுவிடுகிறார்கள்.