ரத்தக் குழாயை விரிக்கும் வாயு

ஒரு குழாயின் உள் ஆரம் ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே போதும்; அதே அழுத்தத்தில் அதன் வழியே ஓடும் ரத்தம் இரு மடங்காகிவிடும். மாடிப்படி ஏறும்போது இதயம் வேகமாகத் துடிப்பதோடு, கால் தசைகளில் உள்ள சிறு தமனிகளும் விரிந்துகொடுக்கின்றன. அவற்றை விரியச் சொல்வது எது?

நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த மருந்தியல் ஆய்வாளர் ராபர்ட் ஃபர்ச்காட்டை நீண்டகாலம் குழப்பிய கேள்வி இது. அசிட்டைல்கோலின் என்ற பொருளை உயிருள்ள விலங்குக்குச் செலுத்தினால் குழாய்கள் விரிந்தன. முயலின் பெருந்தமனியை வெட்டியெடுத்த கீற்றில் விட்டாலோ, அது சுருங்கியது. 1978-இல் ஒருநாள், சுருங்க வேண்டிய துண்டு தளர்ந்தது. காரணத்தைத் தேடியபோது வெட்டும் முறையில் விடை கிடைத்தது. கீற்றாக வெட்டும்போது அதன் உட்பக்கம் உரசப்பட்டு, ஒற்றைச் செல் தடிமனே உள்ள எண்டோதீலியம் என்னும் உள்ளுறை அழிந்துபோயிருந்தது. உரசாத துண்டுகள் தளர்ந்தன.

அடுத்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளுறை நீக்கிய கீற்றின் மேல், உள்ளுறை உள்ள இன்னொரு கீற்றை முகத்தோடு முகம் ஒட்டிவைத்தார் ஃபர்ச்காட். தனியே இருந்தபோது தளராத கீற்று இப்போது தளர்ந்தது. உள்ளுறையிலிருந்து ஏதோ ஒன்று கசிந்து வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? 1980-இல் இந்த முடிவுகள் வெளியாயின.

அந்த ‘ஏதோ ஒன்று’ சில நொடிகளில் மறைந்துவிடுவதால் பிடிபடவில்லை. நெஞ்சுவலி மருந்தான நைட்ரோகிளிசரின், நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிட்டே குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது என்று 1977-லேயே ஃபெரிட் முராட் என்ற ஆய்வாளர் காட்டியிருந்தார். மர்மப் பொருளும் அதே வாயுதான் என்று 1986-இல் ஃபர்ச்காட்டும் லூயி இக்னாரோ என்ற இன்னொரு ஆய்வாளரும் தனித்தனியே முன்வைத்தனர். வாகனப் புகையில் வரும் வாயுவை நம் உடலே தூது அனுப்பப் பயன்படுத்துகிறது!

ஓடும் ரத்தம் சுவரை உராயும்போது, உள்ளுறைச் செல்கள் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து இந்த வாயுவைத் தயாரிக்கின்றன. அது பக்கத்துத் தசைச் செல்லுக்குள் ஊடுருவி, குவானிலேட் சைக்ளேஸ் என்ற நொதியை முடுக்குகிறது. சுழற்சி ஜிஎம்பி என்ற மூலக்கூறு பெருகுகிறது. செல்லுக்குள் கால்சியம் குறைகிறது. தசை தளர்ந்து குழாய் விரிகிறது.

1998-இல் மூவரும் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டனர். உள்ளுறைச் செல்கள் இந்த வாயுவை வெளியிடுவதை 1987-இல் அளந்து காட்டிய சால்வடோர் மொன்காடாவின் பெயர் அதில் இல்லை. ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர முடியாது என்பது விதி. ஆனாலும் அவர் விடுபட்டது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன்.

நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை வேலை செய்வதும் இவ்வழியில்தான். நுரையீரல் தமனிகள் விரியாமல் மூச்சுத் திணறும் சில பச்சிளங்குழந்தைகளுக்கு இதே வாயுவைச் சிறு அளவில் சுவாசிக்கக் கொடுக்கிறார்கள். நுரையீரலைத் தாண்டி ரத்தத்தில் கலந்ததும் ஹீமோகுளோபின் அதைச் செயலிழக்கச் செய்துவிடுவதால், உடலின் மற்ற பகுதிகளில் ரத்த அழுத்தம் சரிவதில்லை.