பெறாமகனின் நான்கு எண்கள்

என் தங்கச்சியின் மகனுக்கு ஒன்பது வயது. தரம் நான்கு. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. அவனோடு கதைத்துக்கொண்டிருந்தால் நேரம் போவது தெரியாது. பண்ணைக் கடல் ஏன் இவ்வளவு ஆழம் குறைவு, நுங்குக்குள் தண்ணீர் எப்படிப் போனது என்று கேள்வி வந்துகொண்டே இருக்கும். கொப்பியைத் திறந்தால் மட்டும் ஒவ்வொரு பக்கமும் பாதியில் நிற்கும். "பிள்ளை கொஞ்சம் மந்தம்" என்று ஆசிரியர் ஒருவர் சொல்லிவிட்டார். அந்தச் சொல் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து தங்கச்சிக்கு நித்திரை இல்லை. கண்ணையும் காதையும் காட்டி, இரண்டிலும் குறை இல்லை என்று தெரிந்த பிறகு, உளவியலாளர் ஒருவர் இரண்டு காலைப்பொழுதுகள் அவனோடு இருந்து நுண்ணறிவுச் சோதனை (IQ) செய்தார்.

அறிக்கையின் அடியில் 98 என்று இருந்தது. "நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டோ! கெட்டிக்காரன்" என்று அம்மா பூரித்துப்போனார். தங்கச்சி அழும் குரலில், "அக்கா, சராசரியிலும் குறைவாமே. அப்ப இவன் சோதினை பாஸ் பண்ணுவானோ?" என்றாள்.

இரண்டு பேர் எண்ணியதும் பிழை. அது பரீட்சைப் புள்ளி அல்ல. வரிசையில் ஓர் இடம், அவ்வளவுதான்.

நுண்ணறிவுச் சோதனை ஒன்றைச் செய்பவர்களுக்குக் கேள்வி எழுதுவது சின்ன வேலை. பெரிய வேலை அதற்குப் பிறகுதான் வருகிறது. வெக்ஸ்லர் என்ற பெயரில் பல நாடுகளில் பயன்படும் சிறுவர் நுண்ணறிவுச் சோதனையின் 2014ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புக்காக, 6 வயதிலிருந்து 16 வயது வரையான 2,200 பிள்ளைகளிடம் முதலில் அதை நடத்திப் பார்த்தார்கள். எந்த வயதுப் பிள்ளைகள் எத்தனை கேள்வி செய்கிறார்கள் என்று, நான்கு மாத இடைவெளிகளாகப் பிரித்து அட்டவணை போட்டார்கள். புதிதாக ஒரு பிள்ளை வந்தால், அவன் சரியாகச் செய்த எண்ணிக்கையை அவனுடைய வயதுக்காரரின் அட்டவணையில் வைத்துப் பார்ப்பார்கள். நடுவில் நிற்பவருக்கு 100. நியம விலகல், அதாவது எண்கள் நடுவிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு, 15. ஆகவே நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ 68 பேர் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள். 70க்குக் கீழே இரண்டு பேர் அளவில் வருவார்கள். என் பெறாமகனின் 98 வரிசையின் நட்டநடுவில்தான் இருக்கிறது.

ஆனால் அந்த 98 எனக்கு எதையும் சொல்லவில்லை. அதற்கு மேலே நான்கு எண்கள் இருந்தன. சொல்வழி விளக்கம் 116. கண்ணால் பார்த்துக் காரணம் காணுதல் 104. செயல் நினைவு 91. செயலாக்க வேகம் 74. அவனுக்குச் செய்தது இதே சோதனையின் முந்திய பதிப்பு, அதில் இந்த நான்கு பகுதிகள்தான். புதிய பதிப்பில் ஐந்து உண்டு.

சொல்வழிப் பகுதியில் எழுத்தே கிடையாது. வாய்ப்பேச்சுத்தான். மாம்பழமும் வாழைப்பழமும் எந்த வகையில் ஒன்று என்பது போன்ற கேள்விகள் வரும். (இது நான் சொல்லும் உதாரணம். உண்மையான கேள்விகளை எவரும் வெளியிடக் கூடாது. அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.) இரண்டாவது பகுதியில் சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளை அடுக்கிப் படத்தில் உள்ள கோலத்தைச் செய்ய வேண்டும். மூன்றாவதில் விநாடிக்கு ஒன்றாகச் சொல்லப்படும் இலக்கங்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகு தலைகீழாகவும் சொல்ல வேண்டும். நான்காவதில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு குறி இருக்கும். இரண்டு நிமிடத்தில் பென்சிலால் எத்தனை குறிகளைப் போட முடிகிறது என்று பார்ப்பார்கள்.

நூறு ஒன்பது வயதுக்காரரை வரிசையில் நிறுத்தினால், சொல்லில் ஏறத்தாழ 85 பேர் இவனுக்குப் பின்னால் நிற்பார்கள். வேகத்தில் இவனுக்குப் பின்னால் நான்கு பேர்தான். இந்த இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் "சாதாரணம்" என்று ஒரு விடை வரும். அது அவனைப் பற்றிய விடை அல்ல. கொப்பி ஏன் பாதியில் நிற்கிறது என்பதற்கான காரணம் அந்த 116க்கும் 74க்கும் இடையிலான பள்ளத்தில் இருந்தது.

இப்படியான சோதனைகள் பிறந்ததே இதற்காகத்தான். 1905இல் பாரிசில் அல்பிரட் பினே, தியோடர் சிமோன் என்ற இருவரும் முதல் அளவுகோலைச் செய்தது, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளில் எவருக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிப்பதற்காக. நுண்ணறிவு என்பது பிறப்போடு வந்த மாறாத அளவு என்ற பேச்சைப் பினே கடுமையாக மறுத்தார். அவர் 1911இல் இறந்துவிட்டார். அவருடைய அளவுகோல் அமெரிக்காவுக்குப் போனது. ஹென்றி கொடார்ட் என்ற உளவியலாளர் அதைக் கொண்டு, நியூயோர்க் துறைமுகத்தின் எலிஸ் தீவில் கப்பலால் இறங்கிய குடியேறிகளை மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சோதித்து, பெரும்பாலானோருக்கு மூளை வளர்ச்சி குறைவு என்று எழுதிவைத்தார். பயணக் களைப்பு, அந்நிய மொழி, வாழ்நாளில் பென்சிலைத் தொடாத கைகள் எல்லாம் சேர்ந்து ஒரு தாழ்ந்த எண்ணாகிவிட்டன.

அந்தப் பிழை தமிழில் எப்படி நடக்கும் என்று பார்ப்போம்.

5, 2, 9, 4, 7, 1 என்ற இலக்கங்களை ஆங்கிலத்தில் சொன்னால் ஏழு அசைகள். எங்கள் வாயில் "அஞ்சு, ரெண்டு, ஒம்பது, நாலு, ஏழு, ஒண்டு" என்று வரும்போது பதின்மூன்று. ஒன்றிலிருந்து ஒன்பது வரை தமிழில் ஓரசை எண்ணே இல்லை. ஆங்கிலத்தில் ஏழைத் தவிர எல்லாமே ஓரசை. கேட்ட ஒலியைப் பிடித்துவைக்க நாம் மனதுக்குள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறோம். அந்த உள்வளையத்தில், ஏறத்தாழ இரண்டு விநாடிக்குள் சொல்லி முடிக்கக்கூடிய அளவுதான் தங்கும் என்று உளவியலாளர் அலன் படேலியும் கூட்டாளிகளும் 1975இல் காட்டினார்கள். சொல் நீண்டால் அந்த வளையத்துக்குள் அடங்கும் எண்ணிக்கை குறைந்துவிடும். 1980இல் எல்லிஸ், ஹெனலி என்ற ஆய்வாளர்கள் வேல்ஸ் மொழியில் இதையே கண்டார்கள். வேல்ஸ், ஆங்கிலம் இரண்டும் தெரிந்த அதே ஆட்கள், எண்ணின் பெயர்கள் நீளமாக உள்ள வேல்ஸ் மொழியில் குறைவான இலக்கங்களையே நினைவில் வைத்தார்கள். நினைவு குறைந்துபோகவில்லை. எண்களின் பெயர்தான் நீளம்.

தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில் இலக்கம் சொல்லிவிட்டு, ஆங்கிலப் பிள்ளைகளின் அட்டவணையில் அவனுடைய இடத்தைத் தேடினால் என்ன நடக்கும்? பிள்ளையில் இல்லாத குறை அறிக்கையில் வந்துவிடும். தமிழ்ப் பிள்ளைகளைக் கொண்டே போட்ட அட்டவணை என்றால் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே நீளம். கடலுக்கு அந்தப் பக்கத்துத் தமிழில் செய்த சோதனையாக இருந்தாலும் கவனம் வேண்டும். நாற்காலி, சோப்பு என்று கேட்டால், கதிரையும் சவர்க்காரமும் வீட்டில் உள்ள பிள்ளை ஒரு கணம் தயங்கும். நேரம் பார்த்து நடக்கும் சோதனையில் அந்தக் கணத்துக்கும் விலை உண்டு. என் பெறாமகனைச் சோதித்தவர் இதை அறிக்கையிலேயே எழுதியிருந்தார்: செயல் நினைவின் 91ஐ இறுக்கிப் பிடிக்க வேண்டாம், உண்மையில் கூடுதலாக இருக்கலாம் என்று. அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகுதான் மற்ற வரிகளை நம்பினேன்.

எந்த எண்ணுக்கும் பக்கத்தில் ஓர் இடைவெளியும் அச்சிடப்பட்டிருக்கும். நல்ல சோதனையில்கூட மொத்த எண்ணின் அளவீட்டு வழு, அதாவது அளப்பதில் வரக்கூடிய பிசகு, ஏறத்தாழ மூன்று. இரண்டு பக்கமும் அதன் இரண்டு மடங்கை விட்டுப் பார்ப்பார்கள். ஆகவே 98 என்றால், 92க்கும் 104க்கும் இடையில் எங்கோ என்றுதான் வாசிக்க வேண்டும். இது நுணுக்கம் பார்க்கும் பேச்சு அல்ல, மனிதரின் உயிரே இதில் தங்கியிருந்திருக்கிறது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவருக்கு அமெரிக்காவில் மரண தண்டனை விதிக்க முடியாது. புளோரிடா மாநிலம் 70ஐ எல்லையாக வைத்து, 71 எடுத்த ஒருவருக்கு வேறு சான்று காட்டும் வாய்ப்பையே மறுத்தது. அளவீட்டு வழுவைக் கணக்கில் எடுக்காத அந்தக் கோடு செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. இன்றைய மருத்துவமும் எண்ணை மட்டும் வைத்துக் குறைபாடு என்று முடிவு கட்டுவதில்லை. உடுப்பு மாற்றுவது, கடைக்குப் போய் மிச்சக் காசு வாங்கி வருவது, மற்றவரோடு பழகுவது எல்லாம் எப்படி என்று வீட்டாரிடம் கேட்ட பிறகுதான் சொல்வார்கள்.

தங்கச்சி அடுத்ததாகக் கேட்டது, இதற்கு ரியூசன் இருக்கிறதா என்று. நியாயமான கேள்விதான். புலமைப்பரிசில் வினாத்தாளிலும் நுண்ணறிவுக் கேள்விகள் வருகின்றன. அதற்குக் கடந்தகால வினாத்தாள்களை நூற்றுக்கணக்கில் செய்விக்கிறார்கள். அது பல பிள்ளைகளை வரிசைப்படுத்தி வெட்டுப்புள்ளி போடுவதற்கான பரீட்சை, பயிற்சி அதில் உதவும். உளவியலாளரின் சோதனைக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டு போனால், அட்டவணைக்குரிய பிள்ளைகள் எடுக்காத பயிற்சியோடு நம் பிள்ளையை அவர்களோடு ஒப்பிடுவோம். எண் ஏறும், தேவையான உதவி கிடைக்காமல் போகும். கேள்விகளை வெளியிடாமல் காப்பதும், அதே சோதனையைச் சில மாதங்களுக்குள் திரும்பச் செய்யாமல் விடுவதும் இதற்காகத்தான். முதல் நாள் இரவு நித்திரையும் காலைச் சாப்பாடும் போதும். கண்ணாடி போடும் பிள்ளை என்றால் அதை மறக்கக் கூடாது.

பதின்ம வயதினருக்கு வேறொரு கவனம் வேண்டும். கவலையும் மனச்சோர்வும் செயல் நினைவையும் வேகத்தையும் இழுத்துவிழுத்தும். உயர்தரப் பரீட்சைக்குப் பயந்து நித்திரை இல்லாத பிள்ளையின் எண், அந்தக் காலத்தின் எண். அதனால் மனநிலை பற்றிய வினாக்கொத்தும் நேரடிக் கதையும் சேர்த்தே நடக்கும்.

முதியவர்களிடம் எல்லாம் தலைகீழாகும். எங்கே நிற்கிறார் என்பதைவிட, இருந்த இடத்திலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறார் என்பதே கேள்வி. மறதி நோயை முதலில் வடிகட்ட உலகெங்கும் பயன்படும் மொன்றியல் சோதனைக்கு 30 புள்ளிகள். 26க்குக் கீழே என்றால் மேலும் பார்க்க வேண்டும் என்பது வழமை. தமிழ் வடிவமும் உண்டு. பன்னிரண்டு வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுப்பார்கள். ஆனால் எங்கள் அம்மம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். இருபது பேரின் சீட்டுக் கணக்கைத் தலைக்குள் வைத்திருந்தவர். அவரிடம் கனசதுரத்தைப் பார்த்து வரையச் சொன்னால் பேனையைப் பிடிக்கவே கூச்சப்பட்டிருப்பார். அந்த ஒரு புள்ளி அவருக்குப் போதாது. கல்வி குறைந்தவர்களுக்கென்று அதே சோதனையின் எளிய வடிவம் 2015இல் வந்தது. இன்னொரு இடறலும் இருக்கிறது. மூலத்தில், ஒரு நிமிடத்தில் ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லச் சொல்வார்கள். தமிழில் "க" என்றால் கல் மட்டுமா, காகமும் கிளியும் சேருமா? இதை முன்பே தீர்த்துவைக்காவிட்டால் இரண்டு சோதனையாளர்கள் ஒரே ஆளுக்கு இரண்டு எண் எழுதுவார்கள்.

பெறாமகனின் 74க்கு வருகிறேன். சோதித்தவர் எண்ணோடு நிற்கவில்லை, எப்படிச் செய்தான் என்பதையும் குறித்திருந்தார். குறிகளை ஒன்றுகூடப் பிழைவிடாமல் போட்டிருந்தான். ஆனால் பென்சிலை நெரித்துப் பிடித்து, வரிக்கு ஒரு தடவை கையை உதறியிருக்கிறான். யோசனை மெதுவா, விரல் மெதுவா என்று பிரித்துப் பார்க்கத் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் அனுப்பினார்கள். விரல்தான். இப்போது கிழமைக்கு ஒரு நாள் பயிற்சி நடக்கிறது. பலகையில் எழுதுவதைப் பார்த்து எழுதாமல், பாடக் குறிப்பின் பிரதியை வாங்கிக் கொப்பியில் ஒட்டுகிறான். சுற்றாடல் பாடக் கேள்விகளுக்கு வாயால் விடை சொல்ல வகுப்பில் விடுகிறார்கள். போன கிழமை தங்கச்சி எடுத்தாள். "அக்கா, இண்டைக்கு நுங்கைப் பற்றிக் கேட்டவையாம். மணி அடிக்கும்வரைக்கும் சொல்லிக்கொண்டு நிண்டவனாம்."