பிளாட்பாரத்திலிருந்து பொதுச் செயலித்தளம் வரை

தஞ்சாவூர் ஜங்ஷனில் ரயில் வந்து நிற்கும் இடமும் பிளாட்பாரம்தான், கும்பகோணத்தில் கீரைக்கூடை இறக்கி வைக்கும் தெருவோரமும் பிளாட்பாரம்தான். நாகப்பட்டினம்–திருச்சி பாதையில் 1860களிலேயே ரயில் ஓடிய பகுதி இது; சொல் வாயில் நன்றாகத் தேய்ந்துவிட்டது. இப்போது அதே சொல் நிறுவனக் கூட்டங்களில் ‘மொபைல் பிளாட்ஃபார்ம்’ என்று மறுபடி வந்து இறங்கியிருக்கிறது. பாரம் பழசு, ஃபார்ம் புதுசு. இரண்டும் ஒன்று என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை.

மூலம் பிரெஞ்சு. ‘பிளாத்’ தட்டை, ‘ஃபோர்ம்’ வடிவம். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனபோது தரைப்படம், வரைவுத் திட்டம் என்ற பொருளும் அதற்கு இருந்தது. பீரங்கியை ஏற்றி நிறுத்தும் சமமான மேட்டையும் குறித்தது. ரயில் வந்தபின் பயணிகள் நிற்கும் இடமாயிற்று. அமெரிக்கத் தேர்தலில் கட்சியின் கொள்கைத் தொகுப்புக்கும் இதே பெயர். கணினிக்காரர்கள் கடைசியில் எடுத்துக்கொண்டார்கள்: ஒரு நிரல் ஓட அதன் அடியில் இருக்க வேண்டிய இயந்திரமும், ஆண்ட்ராய்டு போன்ற இயங்குதளமும் சேர்ந்த பாகம். அங்கிருந்தும் ஒரு படி நகர்ந்து, ஒரு பெரிய நிறுவனத்தின் பல செயலிகளுக்கு அடியில் பொதுவாகக் கிடக்கும் நிரல், சர்வர், விதிமுறை எல்லாவற்றையும் இன்று சேர்த்துக் குறிக்கிறது. தமிழில் சொல் தேட வேண்டியிருப்பது இந்தக் கடைசிப் பொருளுக்குத்தான்.

ரயிலுக்கு நடைமேடை அருமையாகப் பொருந்திவிட்டது. மேடு, மேடை என்று நம் சொல்லாகவே வருகிறது. ஆனால் மென்பொருளுக்கு மேடை சரிவராது. மேடை ஏறியவர் பேசிவிட்டு இறங்கிவிடுவார். செயலி தன் அடியில் இருப்பதைவிட்டு இறங்கினால் நின்றுவிடும்.

மிச்சம் தளம். இந்த எழுத்துக்கூட்டலுக்குள் இரண்டு வடசொற்கள் இருக்கின்றன. பரப்பு, அடிப்பகுதி என்று பொருள்படுவது ஒன்று. இலை, இதழ், படைப்பிரிவு என்று பொருள்படுவது மற்றொன்று. வில்வ தளத்திலும் தளபதியிலும் இருப்பது பின்னது. தரையையும் மாடியையும் குறிப்பது முன்னது. திருத்தலம் இரண்டிலும் சேராது. இடம் என்னும் ‘ஸ்தல’த்தின் வழி வந்தது அது. இந்த ல, ள வேறுபாட்டைக் கணித்தமிழ் கண்டுகொள்ளவில்லை. ‘இடம்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லுக்கு வலைத்தளம், ‘அடி’ என்பதற்குத் தரவுத்தளம், ‘அமைப்பு’ என்பதற்கு இயங்குதளம். நான்காவதாக பிளாட்ஃபார்மையும் வெறும் தளம் என்று எழுதினால் ஒரே தாளில் நான்கு தளம் வந்துவிடுகிறது. எது எது என்பது எழுதியவருக்கு மட்டும் தெரியும்.

இருந்தும் சொல் தவறில்லை. கொத்தனாரைக் கேட்டால், தளம் போடுவது என்றால் கான்கிரீட் கொட்டி மாடித்தட்டு அமைப்பது. கீழ்வீட்டுக்கு அதுவே கூரை, மேல்வீட்டுக்கு அதுவே தரை. கோயில் கட்டட வழக்கில் விமானத்தின் ஒவ்வொரு நிலையும் தளம். 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்கு 13 தளம். அத்தனையும் தாங்கும் அடிக்கட்டுக்கு அதிட்டானம் என்று தனிப்பெயர் உண்டு. கறாராகப் பார்த்தால் நமக்கு வேண்டியது அதிட்டானம்தான். ஆனால் அதை டெண்டரில் எழுதினால் திருப்பணிக்கு ஆள் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆகவே தளத்தையே வைத்துக்கொண்டு முன்னால் அடைமொழி சேர்ப்பதுதான் வழி. எந்த அடை என்பதைப் பொருளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் அரிசி ஆலை, உரக்கடை, லாரி, பயிர்க்கடன் என்று தொழில் நடத்தும் ஒரு நிறுவனத்தை எண்ணிக்கொள்வோம். நெல் எடைபோடுபவருக்கு ஒரு செயலி, லாரி ஓட்டுநருக்கு ஒன்று, உரக்கடைக்கு ஒன்று, கடன் பிரிவுக்கு ஒன்று, விவசாயிக்கு ஒன்று. முகம் ஐந்து, அடியில் நடக்கும் வேலை பெரும்பாலும் ஒன்றே. உள்நுழைவு, யாருக்கு எந்த அனுமதி, சிக்னல் இல்லாதபோது போனில் சேமித்துப் பிறகு அனுப்புவது, அறிவிப்பு, பிழைப்பதிவு, பழைய பதிப்பை நிறுத்துவது, தமிழ் எழுத்து, அளவைகள். இவற்றை ஒருமுறை எழுதி ஐந்துக்கும் கொடுப்பதுதான் விஷயம்.

எளிதாகத் தெரியும் இடங்களில்தான் சறுக்குகிறது. வேதாரண்யம் பக்கம் ஒரு கடைமடை ஊரில் எடைபோடுபவர் 40 கிலோ மூட்டை 120 என்று பதிந்து அனுப்புகிறார். சர்வர் எழுதிக்கொண்டது, பதில் திரும்பும் வழியில் சிக்னல் போய்விட்டது. போய்ச் சேரவில்லை என்று நினைத்துச் செயலி மறுபடி அனுப்புகிறது. கணக்கில் 240 மூட்டை. இதற்கு மருந்து, அனுப்பும் முன்பே போன் ஒவ்வொரு பதிவுக்கும் வேறெதற்கும் வராத நீண்ட (128 பிட்) அடையாள எண் ஒன்றைப் போட்டுவிடுவது. சர்வர் அட்டவணையில் அந்த எண் இரண்டு தடவை வரக்கூடாது என்று கட்டுப்பாடு இருக்க வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் பிழை என்று திருப்பக்கூடாது. முதல் தடவை அனுப்பிய பதிலையே திரும்ப அனுப்ப வேண்டும். பிழை என்று சொன்னால் போனில் உள்ள வரிசை அந்த இடத்திலேயே அடைத்துக்கொண்டு, பின்னால் நிற்கும் பதிவுகளும் நகராது. மறுமுயற்சி 2, 4, 8, 16 விநாடி என்று தள்ளிக்கொண்டே போகட்டும், ஒவ்வொன்றிலும் சிறிது முன்பின் ஏற்றத்தாழ்வோடு. அது இல்லையென்றால் டவர் திரும்பிய நொடியில் எல்லாப் போனும் ஒன்றாகச் சர்வரை மோதும்.

நேரமும் அப்படித்தான். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடும். நாம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். இரவு 12 முதல் காலை 5.30க்குள் ஏற்றிய லாரி, மாற்றாமல் விட்டால், முந்தைய நாள் கணக்கில் விழும். விடியற்காலையில் லோடு ஏற்றும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

தேடுபெட்டியில் கொரடாச்சேரி என்று அடித்தால் ஒன்றும் வராமல் போகக்கூடும். யூனிகோடில் ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் நாலு வரி நிரல், தளத்தில் இருந்தால் ஐந்து செயலிக்கும் சேர்த்து முடிந்தது.

அளவைகளில் டெல்டாவுக்கே உரிய வம்பு ஒன்று உண்டு. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, 3 மா ஒரு ஏக்கர். கடன் செயலியை எழுதியவர் மாவை 0.33 ஏக்கர் என்று வைத்திருப்பார். உரச் செயலியை எழுதியவர் மூன்றால் வகுத்திருப்பார். ஒரு வேலிக்கு ஒன்றில் 6.6 ஏக்கர், மற்றதில் 6.67. ஒரே நிலத்துக்கு இரண்டு பரப்பு வந்தால் கணக்கர் சும்மா விடமாட்டார். தளத்தில் ஒரே மாற்றி இருக்க வேண்டும், பின்னத்தைக் கடைசிவரை பின்னமாகவே வைத்திருந்து திரையில் காட்டும்போது மட்டும் தசமமாக்கிச் சுருக்க வேண்டும்.

இதோடு வெளியிலிருந்து வரும் கெடுக்களும் உண்டு. கூகுள் பிளே ஒவ்வோர் ஆண்டும் புதிய ஆண்ட்ராய்டுக்கு மாறச் சொல்கிறது. 2025இல், ஆகஸ்ட் 31 முதல் புதிய செயலிகளும் புதுப்பிப்புகளும் ஆண்ட்ராய்டு 15ஐ இலக்காகக் கொள்ள வேண்டும் என்றது. அனுமதி கேட்கும் முறையும் பின்னணியில் ஓடும் விதியும் மாறும். பொதுப்பகுதி இருந்தால் பெரும்பாலான வேலை ஒருமுறை, ஐந்து இடத்தில் சோதனை. இல்லாவிட்டால் ஒரே வேலையை ஐந்துமுறை செய்து, ஐந்து விதமாகத் தவறவும் செய்யலாம்.

இப்படி ஒன்றைப் பலவற்றுக்குப் பயன்படுத்துவதைச் சிலர் ‘மறுபயன்பாடு’ என்கிறார்கள்; அந்தச் சொல்லையும் உரசிப் பார்க்க வேண்டும். மறுபயன்பாடு என்றால் குடித்து முடித்த பாட்டிலில் மறுபடி தண்ணீர் பிடிப்பது போல ஒலிக்கிறது: ஒன்று முடிந்தபின் இன்னொன்று. இங்கே ஒரே பொருள் ஒரே சமயத்தில் ஐந்து இடத்தில் பயன்படுகிறது. அது பொதுப்பயன். மறுபயன் என்று புரிந்துகொண்டவர்கள்தான் முதல் செயலியின் நிரலை நகலெடுத்துப் பெயரையும் நிறத்தையும் மாற்றி இரண்டாவதைச் செய்கிறார்கள். ஆறு மாதத்தில் இரண்டும் வேறு வேறு வழியில் போய்விடும். ஒன்றில் அடைத்த ஓட்டை மற்றதில் திறந்தே கிடக்கும்.

நேர் எதிர்ப் பிழையும் உண்டு. பொதுப்பகுதிக்குள்ளேயே ‘லாரிச் செயலி என்றால் இப்படி, கடைச் செயலி என்றால் அப்படி’ என்று நிபந்தனைகள் சேரத் தொடங்குவது. தன்மேல் யார் நிற்கிறார் என்று தளத்துக்குத் தெரியக்கூடாது. அகலப்பாதையின் உயர நடைமேடை தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர். அந்த ஒரு அளவை ஒப்புக்கொண்டதால்தான் மன்னை வண்டியும் உழவன் வண்டியும் ஒரே மேடையில் நிற்கின்றன. அந்த அளவைத் தொடுவது பெரிய மாற்றம். திருவாரூர்–காரைக்குடி மீட்டர் பாதையை அகலப்பாதையாக்கியபோது பல ஆண்டுகள் அந்தப் பக்கம் ரயிலே இல்லை. மென்பொருளில் அந்த வசதி கிடையாது, தொழில் நிற்காது. அதனால் 4.2.1 என்று மூன்று எண் வைக்கிறார்கள். கடைசி எண் ஏறினால் பிழைத்திருத்தம், நடு எண் ஏறினால் புதிய வசதி, முதல் எண் ஏறினால் மேலே நிற்பவர் நிரலை மாற்ற வேண்டும். முதல் எண் ஏறும்போது பழையதையும் ஒரு குறிப்பிட்ட காலம் உயிரோடு வைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

செயலி இல்லாமலே தளம் கட்டத் தொடங்குவது வீண். இரண்டு செயலியைத் தனித்தனியே செய்து, மூன்றாவது வரும்போது மூன்றிலும் ஒன்றாக இருப்பதைப் பிரித்தெடுப்பதே நடைமுறையில் நிற்கிறது. உள்நுழைவு முதலில், அனுப்பும் வரிசை அடுத்து, திரைக்கூறுகள் பிறகு.

ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் போன்றவற்றையும் சிலர் பிளாட்ஃபார்ம் என்கிறார்கள். அவை சட்டகம்: ஆண்ட்ராய்டுக்கும் ஐஃபோனுக்கும் ஒரே நிரல் எழுத உதவும் கருவி. தமிழ் இங்கே ஆங்கிலத்தைவிடத் தெளிவாக இருக்க முடியும். அங்கே மூன்றுக்கும் ஒரே சொல். இங்கே இயங்குதளம், சட்டகம், செயலித்தளம் என்று மூன்று.

செயலி என்பதிலும் ஒரு பழைய கணக்கு பாக்கியிருக்கிறது. நுண்செயலி என்னும்போது அது கணினிச் சில்லு. ஆனால் போனில் இருப்பதைச் செயலி என்று நாளிதழ்கள் நிலைநிறுத்திவிட்டன. சில்லுக்கு ‘நுண்’ இருக்கிறது, குழப்பம் அதிகம் வராது.

ஆக, பொதுச் செயலித்தளம். ஒப்பந்தத்தில் இதை எழுதும்போது கீழே இரண்டு வரி சேர்ப்பது நல்லது: பொதுப்பகுதிக்குத் தனி நிரல் களஞ்சியமும் தனிப் பதிப்பு எண்ணும் இருக்கும், அங்கே ஒரு பிழையைத் திருத்தினால் அடுத்த வெளியீட்டில் ஐந்து செயலிக்கும் அது போய்ச் சேரும். இந்த இரண்டும் இல்லாமல் ஒப்படைக்கப்படுவதற்குச் செயலி நகல் என்று பெயர். அதற்கு நகலின் விலையைத்தான் கொடுக்க வேண்டும்.