சியேயின்: பூவின் பெயரில் இருக்கும் வாழ்த்து

சீனப் பீங்கான் சாடியில் ஒரு தாமரைக் குளம். ஓரத்தில் ஒற்றை வெண்கொக்கு. அழகான காட்சிதான். ஆனால் அந்தப் படத்தைச் சீன மொழியில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். 'ஒரு கொக்கு' என்பது யி லூ. 'ஒரே வழியாக' என்பதும் யி லூ. தாமரை லியென், 'தொடர்ந்து' என்பதும் லியென். அரசுத் தேர்வு எழுதப் போகிறவரிடம் 'அடுத்தடுத்துத் தேறி வா' என்று சொல்கிறது சாடி. அந்தத் தேர்வுமுறை 1905-இல் ஒழிந்தது, ஓவியம் ஒழியவில்லை.

இந்த உத்திக்குப் பெயர் சியேயின். 'சியே' என்றால் இயைதல், 'யின்' என்றால் ஒலி. தொனியை, அதாவது சொல்லின் பொருளை மாற்றும் குரல் ஏற்ற இறக்கத்தை, விட்டுவிட்டால் இன்றைய பொதுச்சீனத்தில் (மாண்டரின்) இருப்பவை ஏறத்தாழ 400 அசைகள்தாம். அதனால் ஒரே ஒலியில் பல சொற்கள் வந்து விழுகின்றன. தாமரைக்கே ஹ என்று இன்னொரு பெயர் உண்டு. அதே ஒலியில் இணக்கத்தைக் குறிக்கும் சொல்லும் இருக்கிறது. கல்யாண வீட்டுப் படங்களில் தாமரை மலர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்லாப் பூவும் இப்படி அல்ல. பியோனி 'செல்வப் பூ' என்றே பெயர் வாங்கியது, அதில் ஒலி விளையாட்டு இல்லை. அது நிற்கும் சாடியில்தான் விளையாட்டு: சாடியும் பிங், அமைதியும் பிங். மூங்கிலும் பைனும் குளிரிலும் பசுமை மாறாத குணத்துக்காக வந்தவை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மறைபொருள்' என்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. சீனம் பேசுபவருக்கு இதில் ஒளித்து வைத்தது எதுவும் இல்லை, அது நேரடி வாழ்த்து. சிலேடை என்றால் ஓரளவு பொருந்தும். வடமொழி 'சிலேஷம்' தந்த சொல் அது, ஒட்டியிருத்தல் என்று பொருள். ஆனால் நம் சிலேடையில் ஒரே சொற்றொடர் இரு பொருள் தரும். சியேயினில் பெரும்பாலும் ஒலி ஒத்த இரு வேறு சொற்கள். மாதுளை மட்டும் நமக்கு மிக நெருக்கம்: விதைக்கும் மகனுக்கும் 'ஸி' என்ற ஒரே சொல், ஒரே எழுத்து. பிளந்த மாதுளை நிறையப் பிள்ளைகளை வாழ்த்துவது அப்படித்தான்.

ஆகவே உத்தியை 'ஒலியியைபு' என்றும், அதை வைத்து வரைவதை, இரட்டுற மொழிதலை ஒட்டி, 'இரட்டுற வரைதல்' என்றும் சொல்லலாம் என்பேன்.