‘எட்டாம் நிலை சூறாவளி’ அல்ல, எட்டாம் எண் கூண்டு

ஹாங்காங்கில் காற்று அடித்தால் போதும், ‘அங்கே 8ஆம் நிலை சூறாவளி எச்சரிக்கை’ என்று தமிழில் செய்தி வந்துவிடுகிறது. இந்தத் தொடரில் ‘எச்சரிக்கை’ ஒன்றுதான் சரி. ‘சூறாவளி’, ‘நிலை’ இரண்டையும் மாற்ற வேண்டும்.

முதலில் ‘சூறாவளி’. ஆங்கிலத்தில் ‘டைஃபூன்’ என்பதைத்தான் இப்படி மொழிபெயர்க்கிறார்கள். தென்சீனக் கரையில் ‘தாய் ஃபுங்’ என்றால் பெருங்காற்று. அரபு, பாரசீக மொழிகளில் ‘தூஃபான்’. கிரேக்கத்திலும் ஒரு ‘தூஃபோன்’ உண்டு. போர்த்துகீசியக் கப்பல்காரர்கள் வாயில் இவையெல்லாம் கலந்து ஆங்கிலத்துக்குப் போயின. எது மூலம் என்ற சண்டையை அகராதிக்காரர்களிடம் விட்டுவிடலாம். வங்கக் கடலில் அடித்தால் சைக்ளோன் (1848இல் கல்கத்தாவிலிருந்த ஹென்றி பிடிங்டன் வைத்த பெயர்), அட்லாண்டிக்கில் ஹரிகேன், மேற்குப் பசிபிக்கில் டைஃபூன். மூன்றும் ஒரே வகைப் புயல்தான்.

ஆகவே தமிழில் புயல் என்றே எழுதலாம். புயலுக்குப் பழம்பொருள் மேகம், மழை. குறளின் ‘புயலென்னும் வாரி’யும் மழைதான். இன்று அந்தச் சொல் கடலில் உருவாகிக் கரை கடக்கும் சுழலுக்கு உறுதியாகிவிட்டது. இலங்கைத் தமிழில் அதையே சூறாவளி என்பார்கள். 1978இல் மட்டக்களப்பை அழித்தது அங்கே சூறாவளிதான். அங்குள்ள வாசகருக்கு எழுதினால் அப்படியே எழுதட்டும். தமிழ்நாட்டில் அப்படியில்லை. பத்து நிமிடம் சுழன்றடித்து வாழையைச் சாய்த்துவிட்டுப் போவதும் இங்கே சூறாவளி, அமெரிக்க டோர்னடோவும் சூறாவளி. அதே சொல்லை டைஃபூனுக்கும் வைத்தால், நாள் கணக்கில் நகரும், பல நூறு மைல் அகலமுள்ள ஒன்று என்ற எண்ணமே வாசகருக்கு வராது.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ‘நிலை’யைத்தான் பொறுக்க முடியவில்லை. 8ஆம் நிலை என்றதும் வலிமையில் எட்டாம் படி, ஏழைவிடக் கொஞ்சம் கூடுதல் என்றே யாரும் நினைப்பார்கள். அந்த எண் அப்படிப் பிறந்ததே இல்லை.

ஹாங்காங் வானிலை ஆய்வகம் 1883இல் தொடங்கியது. முதல் இயக்குநர் டென்மார்க்கைச் சேர்ந்த வானியலாளர் வில்லியம் டோபெர்க். மறு ஆண்டே ஹாங்காங்கின் சிம் சா சுயி பகுதியில் நீர்க்காவல் நிலையத்து முன் இருந்த கொடிமரத்தில், கப்பல்களுக்குப் புயலை அறிவிக்கும் அடையாளங்கள் ஏறின. உருளை என்றால் புயல் கிழக்கே, பந்து என்றால் மேற்கே, கூம்பு நிமிர்ந்திருந்தால் வடக்கே, கவிழ்ந்திருந்தால் தெற்கே. பிறகு நிறமும் சேர்ந்தது: சிவப்பு 300 மைலுக்கு அப்பால், கறுப்பு அதற்குள். மாலுமிக்கு வேண்டியது இந்தத் திசைதான். வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் புயலின் நடுவம் இடக்கைப் பக்கம். அது எந்தப் பக்கமாகக் கடக்கும் என்று தெரிந்தால்தான் காற்று எங்கிருந்து எங்கே திரும்பும், நங்கூரத்தை எந்தப் பக்கம் போடுவது என்று முடிவு செய்ய முடியும்.

எண்கள் 1917இல்தான் வந்தன. 1 பொது எச்சரிக்கை, 2 முதல் 5 வரை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று காற்று வரும் திசை, 6 காற்று வலுக்கும், 7 உச்சம். 1931இல் பட்டியல் 10 வரை நீண்டது. அதில் 5, 6, 7, 8 நான்கும் ஒரே வலிமை. வடமேற்கு, தென்மேற்கு, வடகிழக்கு, தென்கிழக்கு என்ற திசை மட்டுமே வேறு. எண் கூடினால் வலிமை கூடும் என்று ஹாங்காங் மக்களே குழம்பியதால், 1973இல் நான்கையும் 8 என்ற ஒரே எண்ணில் அடக்கித் திசையைப் பின்னொட்டாக்கினார்கள். இன்றும் அங்கே 1, 3, 8, 9, 10 மட்டுமே உண்டு. 3க்குப் பிறகு நேரே 8. இதை ‘நிலை’ என்றால் 4 முதல் 7 வரையுள்ள படிகள் எங்கே?

நம்மிடம் இதற்குச் சொல் இல்லாமலும் இல்லை. நாகப்பட்டினத்திலும் பாம்பனிலும் ‘ஒன்றாம் எண் கூண்டு ஏற்றியாச்சு’ என்றால் படகு கடலுக்குப் போகாது. கம்பத்தில் தொங்கும் உருளையையும் கூம்பையும் பார்த்து மக்களே வைத்த பெயர் கூண்டு. நம் 5, 6, 7ஆம் எண்களும் புயல் துறைமுகத்துக்கு இடப்பக்கம் கடக்குமா, வலப்பக்கமா, நேர்மேலா என்பதைத்தான் சொல்கின்றன. ‘குறிகை’, ‘சமிக்ஞை’ என்று புதிதாகத் தேடுவது வீண். நம் எட்டும் அவர்கள் எட்டும் ஒன்றல்ல என்பது உண்மை. ‘ஹாங்காங்கின் 8ஆம் எண் புயல் கூண்டு’ என்று எழுதி, மணிக்கு 63 கி.மீ. முதல் 117 கி.மீ. வரை காற்று என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

மொழிபெயர்ப்பாளர்கள் கூண்டோடு நிற்பதில்லை, புயலையொட்டிய மற்றச் சொற்களிலும் தவறுகிறார்கள். 1906 செப்டம்பர் 18 அன்று ஹாங்காங்கில் அடித்த புயல் சிறியது. பக்கத்தில் வந்த பிறகுதான் அறிகுறி தெரிந்தது. கூண்டு ஏறியதற்கும் துறைமுகம் சின்னாபின்னமானதற்கும் நடுவே படகுகள் ஒதுங்க நேரம் இல்லை, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். விசாரணைக் குழு ஆய்வகத்தின் மீது பிழை இல்லை என்றது. ஹாங்காங்கின் யாவ் மா தேய் பகுதியில் 1915இல் முடிந்த அலைதடுப்புச் சுவர் அந்த அழிவுக்குப் பிறகு எழுந்தது. அந்தச் சுவருக்குள் அடங்கிய நீர்ப்பரப்பை, ஆங்கிலத்தில் ‘டைஃபூன் ஷெல்டர்’ என்பதை, ‘சூறாவளி தங்குமிடம்’ என்று எழுதுகிறார்கள். அங்கே மனிதருக்குப் பாயும் தலையணையும் கிடையாது. படகுக்கான இடம் அது. ‘ஒதுங்குதுறை’ என்றால் யாருக்கும் புரியும்.

கொடிமரத்தடியில் வலுத்த காற்றுக்கு ஒரு முறையும் புயல்காற்றுக்கு இரு முறையும் முழங்கிய பீரங்கி (ஆங்கிலத்தில் ‘டைஃபூன் கன்’) தமிழில் ‘சூறாவளித் துப்பாக்கி’ ஆகிவிட்டது. துறைமுகம் முழுக்கக் கேட்க வேண்டிய சத்தத்தைத் துப்பாக்கி எப்படித் தரும்? 1907இல் பீரங்கிக்குப் பதிலாக வெடி வெடிக்கத் தொடங்கினார்கள். அதை ‘குண்டுவெடிப்பு’ என்று யாரும் எழுதாமல் இருந்தால் சரி.