எந்த ரஜினி படம் பிடிக்கும் என்று மூளை எப்படி முடிவு செய்கிறது?

"தலைவர் படத்துலயே உனக்கு ரொம்பப் பிடிச்சது எது?" வண்ணாரப்பேட்டையில் ஏதாவது ஒரு ஆட்டோ ஸ்டாண்டில் இந்தக் கேள்வியைப் போட்டால், அடுத்த சவாரி வரும்வரை பேச்சு ஓயாது. தலை நரைத்த ஒருவர் ‘முள்ளும் மலரும்’ என்பார். "இன்னாணா நீ, பாட்ஷாவ வுட்டுட்டு?" என்று நடுவயதுக்காரர் பாய்வார். போனை நோண்டிக்கொண்டிருக்கும் இளைஞன் தலையைத் தூக்காமலேயே ‘கபாலி’ என்பான். 1975-இல் ‘அபூர்வ ராகங்கள்’ தொடங்கி 160-க்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. அத்தனையையும் இவர்கள் எப்போது எடைபோட்டார்கள்?

எடைபோடவே இல்லை. ஒரே சமயத்தில் மனதில் நிறுத்தி வைத்துப் பார்க்கக்கூடிய விஷயங்கள் ஏறக்குறைய நான்குதான் என்று உளவியலாளர் நெல்சன் கவன் 2001-இல் எழுதினார். ஆக, போட்டி 160 படங்களுக்கு நடுவே நடப்பதில்லை, கேட்டவுடன் நினைவுக்கு வருகிற நாலைந்து படங்களுக்கு நடுவேதான் நடக்கிறது. மற்றவை மைதானத்துக்குள்ளேயே வருவதில்லை. வந்த நாலைந்தையும் ஒப்பிட, நெற்றிக்குப் பின்னால், கண்களுக்குச் சற்று மேலே இருக்கும் மூளைப் பகுதி ஒன்று உதவுகிறது. சாப்பாடு, பணம், பொருள் என்று எதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் ஸ்கேனில் இந்தப் பகுதி சுறுசுறுப்பாவதைப் பார்க்கலாம். எது எனக்கு எவ்வளவு உசத்தி என்ற கணக்கு இங்கே ஓடுகிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஆனால் இந்தக் கடைசிக் கணக்கைவிட, அந்த நாலைந்து படங்களின் பட்டியலுக்குள் எந்தப் படம் நுழைந்தது என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யமாகப் படுகிறது. பாதி முடிவு அங்கேயே ஆகிவிடுகிறது.

முதல் காரணம் வயது. நடுவயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கையில் நினைவிருக்கும் சம்பவங்களைச் சொல்லச் சொன்னால், சுமார் 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவை அளவுக்கு மீறி வந்து விழும். நினைவுகளை வயதுவாரியாகக் கோடு போட்டு வரைந்தால் அந்த இடத்தில் ஒரு மேடு தெரியும். முதல் வேலை, முதல் சம்பளம், முதல் காதல், வீட்டுக்குத் தெரியாமல் போன முதல் படம் எல்லாம் அந்த வருடங்களில்தான். புதிதாக நடப்பது ஆழமாகப் பதிகிறது. அதோடு, நான் யார் என்று ஒருவர் தனக்குத் தானே முடிவு செய்துகொள்கிற காலமும் அதுவே.

இந்த மேடு ரசனையிலும் தெரிகிறது. மோரிஸ் ஹோல்ப்ரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1989-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 1932 முதல் 1986 வரை பிரபலமான பாட்டுகளைப் பல வயதுக்காரர்களிடம் போட்டுக் காட்டி மதிப்பெண் கேட்டார்கள். அவரவருக்குச் சுமார் 24 வயது இருக்கும்போது வந்த பாட்டுகளே அதிக மதிப்பெண் வாங்கின. பின்னாளில் சினிமா நட்சத்திரங்களை வைத்தும் இதேபோல் ஆராய்ந்தார்கள்.

ஸ்டாண்டில் இருக்கும் மூவருக்கும் இதைப் பொருத்திப் பாருங்கள். ‘முள்ளும் மலரும்’ 1978, ‘பாட்ஷா’ 1995, ‘கபாலி’ 2016. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு இருபது வருடம் கழித்தால் அவரவர் பிறந்த காலத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எனக்கு இதில் ஒரு சின்ன மாற்றுக் கருத்து உண்டு. பாட்டு வெளிவந்த ஆண்டை வைத்துக் கணக்குப் போடுவது அமெரிக்காவுக்குச் சரியாக இருக்கலாம். வடசென்னையிலோ பழைய படங்கள் பல வருடம் கழித்தும் தியேட்டருக்குத் திரும்பி வந்தன, டிக்கெட் விலையும் கம்மி. ‘பில்லா’ வந்தபோது பிறந்தே இராத பையன், பதினாறு வயதில் பகல் காட்சியில் அதை முதல்முறை பார்த்திருப்பான். அவனுக்கு அது புதுப்படம்தான். படத்தின் வயதைவிட, பார்த்தபோது நமக்கு என்ன வயது என்று கேட்பது இங்கே பொருத்தம்.

வயதுக்கு அடுத்தது, படத்தில் நம்மைப் பார்ப்பது. தன்னோடு தொடர்புள்ள விஷயத்தை மூளை எளிதில் விடாது. 1977-இல் ரோஜர்ஸ் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். சில குணச் சொற்களைக் கொடுத்து, ஒரு தொகுதிக்கு "இதன் பொருள் இன்னதா?" என்றும், இன்னொரு தொகுதிக்கு "இது உங்களுக்குப் பொருந்துமா?" என்றும் கேட்டார்கள். அப்புறம் நினைவிருப்பதை எழுதச் சொன்னால், தனக்குப் பொருத்திப் பார்த்த சொற்களே அதிகம் வந்தன. ‘முள்ளும் மலரும்’ காளி, பாரத்தைக் கம்பிவடத்தால் இழுக்கும் வின்ச் இயந்திரத்தை ஓட்டுகிறவன். ஹார்பரில் வேலை பார்த்தவருக்கு வின்ச் என்றால் என்ன, மேலதிகாரி என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ‘பாட்ஷா’ மாணிக்கம் ஆட்டோ டிரைவர். காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருப்பவரிடம் போய் வேறு படம் சொல்லச் சொல்வது நம் தப்பு.

அடுத்தது, படத்தை மூளை எப்படிச் சுருக்கி வைக்கிறது என்பது. இரண்டரை மணி நேரப் படத்தை நாம் இரண்டரை மணி நேரமாக நினைவில் வைத்திருப்பதில்லை. டேனியல் கானிமன் குழு 1993-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்குப் பெயர்போனது. ஒருவரைக் குளிர்ந்த நீரில் கையை விடச் சொன்னார்கள், 14 டிகிரி, 60 விநாடி. இன்னொரு முறை அதே 14 டிகிரியில் 60 விநாடி, ஆனால் கையை எடுக்க விடாமல் மேலும் 30 விநாடி. அந்த 30 விநாடியில் நீரின் சூட்டை மெல்ல 15 டிகிரிக்கு ஏற்றினார்கள். அப்போதும் வலிக்கத்தான் செய்யும், கொஞ்சம் குறைவாக. மூன்றாவது முறை எதைச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது, மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானவர்கள் நீளமானதையே கேட்டார்கள். மொத்தத்தில் அதிக வலி தந்தது அதுதான். ஆனாலும் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது அல்லவா, அது போதுமாக இருந்தது. ஒரு அனுபவத்தின் உச்சக்கட்டமும் முடிவுமே மதிப்பெண் போடுகின்றன, எவ்வளவு நேரம் நீடித்தது என்பது கிட்டத்தட்ட கணக்கிலேயே வருவதில்லை.

‘பாட்ஷா’வில் உச்சம் எது என்று யாரிடமும் கேட்க வேண்டாம். அதுவரை அடி வாங்கியும் கையைக் கட்டிக்கொண்டிருந்த மாணிக்கம், தங்கையின் மேல் கை வைத்தவுடன் திரும்புகிற அந்த இடம்தான். முதல் பாதி முழுக்க அந்தச் சில நிமிடங்களுக்காக அழுத்தி அழுத்தி வைத்தது. படத்தில் தொய்வான காட்சிகளும் உண்டு, ஆனால் ரசிகரின் மூளை அவற்றைக் கழித்துவிட்டது. ‘முள்ளும் மலரும்’ வேலை செய்வது முடிவில். கையை இழந்தும் வீம்பை இழக்காத அண்ணன், தனக்குப் பிடிக்காத மனிதனிடமே தங்கையை ஒப்படைக்கிற கடைசிக் காட்சியோடு தியேட்டர் விளக்கு எரிகிறது. மகேந்திரன் இயக்கிய முதல் படம் அது. எந்த ஆய்வையும் படிக்காமலே அவருக்கு இது தெரிந்திருக்கிறது.

டிவியின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1968-இல் ராபர்ட் ஸயன்ஸ் என்ற உளவியலாளர், அர்த்தமில்லாத சொற்களையும் அறிமுகமில்லாத முகங்களையும் சிலவற்றைக் குறைவாகவும் சிலவற்றை 25 தடவை வரையும் காட்டினார். அதிகம் பார்த்தவையே மக்களுக்கு அதிகம் பிடித்தன, காரணம் எதுவும் இல்லாமலே. பண்டிகைக்குப் பண்டிகை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்த படங்களுக்கு இந்த லாபம் உண்டு. ஆனால் முதலிலேயே பிடிக்காமல் போனதைத் திரும்பத் திரும்பக் காட்டினால் வெறுப்புதான் கூடும்.

இதெல்லாம் தனி ஆளின் மண்டைக்குள் நடப்பது. ஆனால் முதல் நாள் முதல் காட்சிக்குத் தனி ஆளாக யார் போனார்கள்? தண்டையார்பேட்டை அகஸ்தியா மாதிரி ஒற்றைத் திரை அரங்கில், தலைவர் பெயர் திரையில் வரும்போது முன்வரிசையில் கிழித்துப் பறக்கவிடும் காகிதம் முகத்தில் வந்து விழும், விசிலில் வசனம் கேட்காது. (அகஸ்தியா 2020-இல் மூடப்பட்டது. அந்தப் பக்கம் போகும்போது இன்னமும் கண் தானாக அங்கே திரும்புகிறது.) பக்கத்து சீட்டுக்காரர் கத்தும்போது நம் இதயமும் வேகமாகத் துடிக்கிறது. உணர்ச்சி ஏறியிருக்கும் நேரத்தில் மூளையின் அமிக்டலா என்ற பகுதி, இதைப் பத்திரமாக வை என்று நினைவுப் பகுதிக்கு அழுத்தம் கொடுக்கிறது. படத்தோடு சேர்ந்து அந்தக் கூட்டமும் பதிந்துவிடுகிறது.

கூட்டம் ரசனையை எவ்வளவு இழுக்கும் என்று மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006-இல் காட்டினார்கள். யாரும் கேட்டிராத 48 பாட்டுகளை இணையத்தில் வைத்து, 14,000-க்கும் மேற்பட்டவர்களைக் கேட்க வைத்தார்கள். சிலருக்கு வெறும் பாட்டு மட்டும் கிடைத்தது. மற்றவர்களை எட்டுக் குழுவாகப் பிரித்து, தங்கள் குழுவில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்பதையும் காட்டினார்கள். எட்டுக் குழுக்களிலும் ஒரே பாட்டு ஹிட் ஆகவில்லை. மிக நல்ல பாட்டு படுத்துவிடுவது அபூர்வம், மோசமான பாட்டு உச்சிக்குப் போவதும் அபூர்வம். நடுவில் இருப்பவை எப்படி வேண்டுமானாலும் போயின. ஒரு தெருவே ‘ஜானி’யைக் கொண்டாடுவதும், நாலு தெரு தள்ளி அதே வயதுக்காரர்கள் ‘மூன்று முகம்’ என்பதும் இப்படி நடந்திருக்கலாம். ஆரம்பத்தில் யார் சத்தமாகப் பேசினார் என்பதைப் பொறுத்தது.

சரி, ஏன் பிடிக்கும் என்று கேட்டால்? உடனே காரணம் வரும், அழகாகவும் வரும். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். 2005-இல் ஸ்வீடனில் பெட்டர் யோஹான்சன், லார்ஸ் ஹால் குழுவினர் இரண்டு முகங்களின் படத்தைக் காட்டி, எது அழகு என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பிறகு மேஜிக்காரர் வித்தையில் படத்தை மாற்றி, தேர்ந்தெடுக்காத முகத்தைக் கையில் கொடுத்துக் காரணம் கேட்டார்கள். பெரும்பாலான தடவை ஆள் மாறாட்டம் கண்டுபிடிக்கப்படவில்லை. கையில் இருந்த முகத்தைப் பார்த்தே காரணம் சொன்னார்கள். தாங்கள் உண்மையில் தேர்ந்தெடுத்த முகத்தில் இல்லாத கம்மலைக் காரணம் காட்டியவரும் உண்டு. பிடித்துப்போவது முதலில், காரணம் அப்புறம். அதனால்தான் ‘கபாலி’ ரசிகனை வாதத்தில் மடக்கினாலும் அவன் படத்தை மாற்றிக்கொள்வதில்லை. ஒரு காரணம் உடைந்தால் இன்னொன்று தயாராகிவிடும்.

ஒருவரின் விருப்பமே இப்படி என்றால், பல பேர் சேர்ந்து முடிவெடுப்பது இன்னும் வேடிக்கை. டிசம்பர் 12, தலைவர் பிறந்தநாளுக்குத் தெருவில் திரை கட்டி ஒரு படம் போட வேண்டும், கமிட்டியில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம். பெரியவரின் வரிசை முள்ளும் மலரும், பாட்ஷா, கபாலி. நடுவயதுக்காரருக்கு பாட்ஷா, கபாலி, முள்ளும் மலரும். இளைஞனுக்கு கபாலி, முள்ளும் மலரும், பாட்ஷா. இரண்டிரண்டாக ஓட்டுக்கு விட்டால், முள்ளும் மலரும் பாட்ஷாவை 2-க்கு 1 என்று வெல்லும். பாட்ஷா கபாலியை அதேபோல் வெல்லும். கபாலியோ முள்ளும் மலரும் படத்தை வெல்லும். மூவரும் தெளிவாகத்தான் இருக்கிறார்கள், கமிட்டிக்குத்தான் தெளிவு கிடையாது. இந்தச் சுழலை 1785-இலேயே பிரான்ஸின் கணித அறிஞர் கொண்டோர்சே கண்டுபிடித்து எழுதிவிட்டார்.

இதில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. முதலில் இரண்டு படத்தை மோதவிட்டு, ஜெயித்ததை மூன்றாவதோடு மோதவிட்டால், எந்த வரிசையில் நடத்தினாலும் கடைசியாகக் களமிறங்குகிற படமே ஜெயிக்கும், போட்டுப் பாருங்கள். "மொதல்ல அந்த ரெண்டுத்தையும் பாத்துக்கலாம், நம்ம படம் அப்புறம் இருக்கட்டும்" என்று கமிட்டியில் யாராவது பெருந்தன்மையாக ஒதுங்கினால், தெருவில் அன்று ஓடப்போவது அவர் படம்தான்.